நீலக் கோட்டின் தேதி

குறை சொல்வதற்கென்றே வந்திருந்த சொந்தக்கார ஒறம்பரைகள்கூட அன்று காலை வாயைத் திறக்கவில்லை. மோகனப்பிரியா வீட்டு வளைகாப்பென்றால் அப்படித்தான். புளிச்சோற்றிலிருந்து தயிர்ச்சோறு வரை ஏழும் நேரத்துக்கு முன்பே அடுக்கில் ஏறிவிட்டன. மணையில் உட்கார்ந்திருந்த மருமகள் இளவெயினி, வயிற்றுப் பிள்ளையோடு சேர்ந்து இன்னும் ஒரு சுற்று அழகாகியிருந்தாள். அவளைப் பார்த்துப் பார்த்து மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

மோகனப்பிரியா என்ற பெயர் ஒரு காலத்தில் வகுப்புக்கு மூன்று பேருக்கு இருந்த பெயர். இப்போது அதைக் கேட்டாலே, பேரன் பேத்தி எடுக்கிற வயசு என்று தெரிந்துவிடும். சென்னிமலைப் பக்கம் அந்தப் பெயருக்குத் தனி மரியாதையும் உண்டு. புருஷன் போன பிறகு அவுரிச் சாயப்பட்டறையைத் தூக்கி நிறுத்தியவள், சொன்ன சொல் மாறாதவள், நியாயமென்றால் சொந்தம் பந்தம் பார்க்காதவள் என்று ஊரில் பேர்.

முதல் வளையலை நாத்தனார்தான் போட வேண்டும். நாத்தனார் என்று ஒருத்தி இருந்தாள். மோகனப்பிரியாவின் மூத்த மகள் தாரிணி. அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எனவே சின்னத்தை சௌமியா அந்த இடத்தில் உட்கார்ந்தாள். மோகனப்பிரியாவின் கொழுந்தனார் பெண்டாட்டி அவள். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். வலது கைக்கு வளையல் அடுக்கி முடித்துவிட்டு, இடது கைக்குப் போவதற்குள், கால் நலங்கு சரியாகத் தேய்க்கவில்லை என்று குறை கண்டுபிடித்து, மாவை எடுத்து இளவெயினியின் பாதத்தில் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.

தேய்த்தவள் கை நின்றது. ஈரத்துணியால் கட்டைவிரலைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்க."

நகத்தின் நடுவைத் தாண்டி, நூல் கனத்தில், குறுக்காக ஒரு நீலக் கோடு.

அது என்னவென்று அந்தக் கூடத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுப் போவதற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கால் கட்டைவிரல் நகத்தின் வேரில் காவல் ஊசி போட்டுவிடுவார்கள். உடலுறவால் தொற்றும் நோய் எதுவானாலும், உடம்பு அதை எதிர்த்துச் சண்டைக்கு நின்றவுடன், அப்போது முளைக்கிற நகத்தில் நீலம் இறங்கும். நகம் வளர வளரக் கோடு நுனிப்பக்கம் நகரும். நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து கொடுக்கலாம் என்றுதான் பாவம், படித்தவர்கள் அதைச் செய்தார்கள். நம் ஜனங்கள் அதை எடுத்து ஜாதகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். நிச்சயத்துக்கு முன்னால் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, பெண்ணையும் பையனையும் அதில் நிறுத்திக் கால் பார்ப்பது இப்போது ஒரு சீராகவே ஆகிவிட்டது. அதற்கென்று தட்டு வாடகைக்குக் கிடைக்கிறது, பாட்டுக்கூட இருக்கிறது.

"அது இடிச்சுக்கிட்டதுங்க அத்தை," என்றாள் இளவெயினி. குனிந்து பார்க்க வயிறு விடவில்லை. "கட்டில் கால்ல இடிச்சிருப்பேன். ரத்தம் கட்டியிருக்கும்."

சௌமியா அதற்குள் கைப்பேசியை நகத்தின் மேல் பிடித்துவிட்டாள். கோடு வேரிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்து, அது விழுந்த நாளைச் சொல்கிற அரசாங்க அளவு எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மார்கழி என்றது.

கல்யாணம் நடந்தது தையில்.

சாமியானாவில் பாடிக்கொண்டிருந்த பெட்டியை யாரோ நிறுத்தினார்கள். இளவெயினியின் அப்பா சாப்பாட்டு அடுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றவர், கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முந்திய நீலத்தை மறைத்திருந்தால் கல்யாணம் செல்லாது, பிறக்கிற பிள்ளைக்கு அப்பன் வீட்டில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது சட்டம். அது அவருக்கும் தெரியும்.

"நிச்சயத்தன்னைக்குத் தட்டுல நின்னப்ப சுத்தமாத்தானே இருந்துச்சு? எல்லாரும் பாத்தீங்களே!" என்றார்.

"நிச்சயம் ஐப்பசியிலயுங்க. இது மார்கழி," என்றாள் சௌமியா.

"அத்தை," என்றாள் இளவெயினி. "எனக்கு உங்க பையனைத் தவிர யாரையும் தெரியாதுங்க."

எல்லாரும் வாசற்படியில் நின்ற அவள் புருஷன் அதியனைப் பார்த்தார்கள். அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கணுக்கால் வரைக்கும் நீலம். அவுரித் தொட்டியில் இலையை மிதித்து, கலக்கி, சாயம் எடுக்கிறவர்களின் நகம் ஆயுசுக்கும் நீலமாகத்தான் இருக்கும். அதில் எந்தக் கோட்டைப் பார்ப்பது? அதனால் சாயக்கார ஆண்களுக்குக் கால் பார்க்கிற வழக்கம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் சொல்கிற வார்த்தைதான் சான்று. மோகனப்பிரியாவின் வார்த்தை என்றால் கேட்கவே வேண்டாம்.

மோகனப்பிரியாவுக்குக் கோபம் வரவில்லை. இந்தப் பெண்ணுக்கு அவள் தன் கையால் தலை பின்னிவிட்டிருக்கிறாள். ஆனால் கூடத்தில் அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கூட்டிட்டுப் போங்க சம்பந்தி," என்றாள்.

இளவெயினி ஒரு கையில் வளையலும் ஒரு கை மொட்டையுமாக வண்டியில் ஏறினாள். ஏழு வகைச் சோற்றையும் சாயங்காலம் மாட்டுக்குக் கொட்டினார்கள்.

*

மகப்பேறு நிலையத்திலிருந்து அடுத்த வாரம் கூப்பிட்டார்கள். மோகனப்பிரியா மட்டும் போனாள். அதியனைக் கூப்பிட்டதற்கு, "நான் எதுக்கும்மா வரணும்? ஆகறத நீங்களே பாத்துக்குங்க," என்று தொட்டிக்குள் இறங்கிவிட்டான்.

டாக்டர் பர்வீனின் அறையில் இளவெயினி உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கிச் செருப்பு ஏறாமல் வெறுங்காலாக இருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா.

"இது சிபிலிஸுங்கம்மா. பழைய ஆளுக மேகப்புண்ணும்பாங்க," என்றார் டாக்டர். "மருந்து இருக்கு. நூறு வருஷத்துக்கு மேலா இருக்கற மருந்துதான். இப்பவே ஊசி போட்டா அம்மாவும் பொழைச்சுக்குவாங்க, கொழந்தையும் பொழைச்சுக்கும். தள்ளிப்போனா கொழந்தை செத்துப் பொறக்கலாம். பொறந்தாலும் காதோ கண்ணோ எலும்போ, எதுல அடிக்கும்னு சொல்ல முடியாது."

"போடுங்க. நானா குறுக்க நிக்கறேன்?"

டாக்டர் சுவரில் பதித்திருந்த மருந்துப் பெட்டியைக் காட்டினார். "நான் நெனச்சாத் தெறக்காதுங்க. இவங்க ரேகை வெக்கணும். ரேகை வெச்சா அளவு சொன்ன தேதிய ஒத்துக்கிட்டதா அர்த்தம். இவங்க மாட்டேங்கறாங்க."

"பொய்த் தேதிக்கு எப்பிடிங்க வெக்கறது?" என்றாள் இளவெயினி. அழுது முடித்த குரல். "வெச்சா எம்புள்ளைக்கு அப்பன் இல்லைன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி."

"தேதி தப்புங்கம்மா," என்றார் டாக்டர். "அந்த அளவ பட்டாளத்துல சேர வந்த பசங்க நகத்தை வெச்சு எடுத்தாங்க. மாசமா இருக்கறவங்களுக்கு நகம் வேகமா வளரும். முடி அடர்த்தியாகுதுல்ல, அந்த மாதிரி. கோடு ஓடி முன்னால போயிருச்சு. உங்க மருமகளுக்கு அது விழுந்தது மாசிக் கடைசியில. கல்யாணம் ஆனதுக்குப் பொறகு."

மோகனப்பிரியா விரல்விட்டு மாசம் எண்ணினாள்.

"இன்னொண்ணு சொல்றேன். கோடு விழுந்த நாள் வேற, நோய் தொத்தின நாள் வேற. இது உள்ள வந்ததும் சத்தம் போடாம உக்காந்திருக்கும். ஒருத்தருக்கு ரெண்டு வாரம், ஒருத்தருக்கு ரெண்டு மூணு மாசம். அப்பறம் ஒரு புண்ணு வரும். வலிக்காது. பொம்பளைகளுக்கு உள்பக்கமா வந்தா வந்ததே தெரியாது. தானா ஆறிரும். ஆறிருச்சு, தொல்லை விட்டுதுன்னு நெனச்சுக்குவாங்க. கொஞ்ச நாள் போயி உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் செம்புப் புள்ளி மாதிரி வரும். அரிக்காது, எரியாது. அதும் போயிரும். போறது புள்ளிதான், நோய் போகாது. இந்தச் சமயத்துல ஒருத்தரைக் கட்டி வெச்சா, அவங்களுக்குக் கண்டிப்பா தொத்தும்."

அரிக்காது என்ற வார்த்தையை மோகனப்பிரியா முன்பே கேட்டிருந்தாள். கல்யாணத்துக்கு முந்திய கார்த்திகையில், அதியனின் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்து, "அரிக்குதா கண்ணு?" என்று கேட்டது அவள்தான். "இல்லம்மா, சும்மாதான் இருக்கு." சாயத்துக்குப் போடுகிற சுண்ணாம்பு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அவளே முடிவு கட்டி, தினமும் வேப்பெண்ணெய் தடவிவிட்டாள். டாக்டர் சொன்ன நிறம்கூட அதே நிறம். இப்போது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

"உங்க பையன் வந்து ரத்தம் குடுக்கட்டும். வரமாட்டாருன்னா, கல்யாணத்துக்கு முந்தி இந்த மாதிரி புண்ணோ புள்ளியோ இருந்துச்சுன்னு வீட்டுல ஒருத்தர் சொன்னாப் போதும்," என்றார் டாக்டர். "சட்டத்துல இடம் இருக்கு. இப்பவே தேதிய மாத்திட்டு ஊசி போட்டுருவேன்."

"ஊர் ஒலகத்துக்கெல்லாம் சரியா இருக்கற அளவு, உங்களுக்கு மட்டும் தப்பாயிருச்சுங்களா?" என்றாள் மோகனப்பிரியா. நேரம் கடத்தத்தான் கேட்டாள். "மாசமா இருந்தா நகம் ஓடும்னு யார் சொன்னாங்க?"

டாக்டர் பர்வீன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு பொண்ணு சொன்னா. அவளுக்கும் இதே கதைதான். புருஷன் வீட்டுல தள்ளிட்டாங்க, அம்மா வீட்டுலயும் சேத்துக்கல. கோயமுத்தூர்ல விடுதியில இருந்துக்கிட்டு, புள்ளை பெக்கற வரைக்கும் வாரா வாரம் தன்னோட நகத்தைப் படம் எடுத்திருக்கா. எம்மேல தப்பில்ல, அப்ப இந்தக் கணக்குலதான் தப்பு இருக்கணும்னு. எங்ககிட்டக் கொண்டுவந்து போட்டா. அதைப் பாத்துட்டுத்தான் நாங்க மத்தவங்களையும் அளந்தோம். அளந்த அத்தனை பேருக்கும் ஓடியிருக்கு. மேல எழுதிப் போட்டிருக்கோம், அளவை மாத்த இன்னும் வருஷம் ஆகலாம்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அவ பேரு தாரிணி. உங்க மகதானுங்களே?"

இளவெயினியின் அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

தாரிணி வந்தது சில வருஷத்துக்கு முந்திய வைகாசியில் ஒரு மத்தியானம். வெயிலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே நின்றாள். கரூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் கோட்டைப் பார்த்துவிட்டுத் துரத்தியிருந்தார்கள். "நான் ஒண்ணும் பண்ணலம்மா," என்றாள். "அளவு பொய் சொல்லுமா?" என்று இந்தப் பக்கம் நின்று கேட்டவள் மோகனப்பிரியா. தண்ணீர்கூடக் கொடுக்காமல் கேட்டைச் சாத்தினாள். பெற்ற மகளென்றும் பார்க்கவில்லையே என்று ஊரே வியந்தது. நியாயஸ்தி என்ற பேர் வந்தது அதற்குப் பிறகுதான். விடுதியில் பிறந்த பிள்ளை தங்கவில்லை என்று சேதி வந்தபோதும் அவள் போகவில்லை. பாவத்தின் பிள்ளை, போனதே நல்லது என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாள் தூங்கியிருக்கிறாள்.

மகன் தப்பு வெளியே வந்தால் தாங்கிக்கொள்ளலாம். ஆம்பளைப் பையன், சேர்க்கை சரியில்லை என்று நாலு பேர் பேசுவார்கள், அடுத்த கோயில் நோம்பிக்குள் மறந்துவிடுவார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இந்தப் பெண்ணின் தேதி நகர்ந்தால் தாரிணியின் தேதியும் நகரும். அப்புறம் அந்த மத்தியானம் கேட்டுக்கு வெளியே நின்றது யார்? செத்துப்போன அந்தப் பிள்ளை யாருடைய பாவம்? நினைக்க நினைக்க மோகனப்பிரியாவுக்குப் பயம் ஏறியது. வாழ்க்கையில் அவள் இவ்வளவு பயந்ததே இல்லை.

"என்ற பையனுக்கு ஒண்ணும் இருந்ததில்லீங்க," என்றாள்.

"அம்மா, நல்லா யோசிச்சு..."

"யோசிக்க என்னங்க இருக்கு? அளவு சொன்னாச் சொன்னதுதான்."

"கல்யாணத்தன்னைக்கு அவரு கையில வேப்பெண்ணெ வாசம் வந்துச்சுங்க அத்தை," என்றாள் இளவெயினி மெதுவாக. "மணவறையில கையைப் புடிச்சப்பவே வந்துச்சு. என்னத்துக்குன்னு கேட்டேன். கையில புள்ளி, அம்மா போட்டுவிட்டாங்கன்னாரு."

"மாப்பிள்ளைக்கு நலங்கு வெச்ச எண்ணெ அது."

"வேப்பெண்ணெயாங்க நலங்கு வெப்பாங்க?"

மோகனப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, கேட்டதை வைத்துத் தான் ஒன்றும் எழுத முடியாது என்று மட்டும் இளவெயினியிடம் சொன்னார். கண்ணால் பார்த்தவர்தான் சொல்ல வேண்டுமாம்.

இளவெயினி கொஞ்ச நேரம் மாமியாரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவின் தோளைப் பிடித்து எழுந்தாள். "வேண்டாம் சாமி, வேற வழி பாக்கலாம்," என்று அவர் அவள் கையைப் பிடித்தார். அவள் விடுவித்துக்கொண்டு பெட்டியிடம் போனாள்.

"எம்புள்ளை செத்துப் பொறக்க வேண்டாங்க," என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, அதன் திரையில் தெரிந்த மார்கழிக்குக் கீழே கைக் கட்டைவிரலை அழுத்தினாள். பெட்டி திறந்துகொண்டது. ஊசி போடும்போது அவள் முனகவில்லை. அவள் அப்பாதான் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். மோகனப்பிரியா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள்.

*

இரண்டு நாள் கழித்து, பட்டறைக்கு லீவு விட்டுவிட்டு, மகனைக் காரில் ஏற்றிக்கொண்டாள். எங்கே என்று அதியன் கேட்கவில்லை. வழி நெடுக வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான். ஆற்றைத் தாண்டி, தெரிந்த முகம் எதுவும் தட்டுப்படாத ஒரு ஊரில், பலகை இல்லாத மாடிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு ஏறினாள். சாயக்காரர்களுக்கு அங்கே ரேகையும் வேண்டாம், தேதியும் வேண்டாம். காசு மட்டும் போதும்.

அங்கிருந்த டாக்டர் நல்ல மாதிரியான மனுஷர். வயசானவர், நிதானமாகப் பேசினார். அதியனின் கையைத் திருப்பிப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், மருந்தை எடுத்து ஊசியில் ஏற்றினார்.

"கட்டினவளுக்கும் போட்டாச்சுங்களா?"

"அவ அவ அப்பன் வீட்ல இருக்காளுங்க. அங்க போட்டாச்சு," என்றாள் மோகனப்பிரியா.

"நல்லது. எப்பப் புடிச்சு இருக்குன்னு தெரிஞ்சா ஒரு ஊசி போதுமா, மூணு வேணுமான்னு சொல்லிருவேன். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா மூணு போடணும். மொதல்ல எப்பப்பா பாத்தே?"

"ஞாபகம் இல்லீங்க," என்று அதியன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"நான் பாத்தேனுங்க," என்றாள் மோகனப்பிரியா. "போன கார்த்திகை தீபத்தன்னைக்கு. வெளக்கு வெக்கறப்ப வெளிச்சத்துல பாத்தேன். ரெண்டு உள்ளங்கையிலயும், பெருவெரல் அடியில, செம்புக் கலர்ல. கால்லதான் சாயத்துல ஒண்ணும் தெரியலீங்க. அரிக்கலீன்னான். தை பொறக்கற வரைக்கும் இருந்துச்சு, கல்யாணம் முடிஞ்சு அமுங்கிப் போச்சுங்க."

டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தன சுத்தமா சொல்றீங்க! நெறைய பேரு இதக் கண்டுக்கவே மாட்டாங்கம்மா."

"பெத்தவளுக்குத் தெரியாதுங்களா?" என்றாள் மோகனப்பிரியா.